சிவப்பை இழந்த டாக்வுட் வரிசை: ஸ்கார்பரோ வீட்டுத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

டொராண்டோ மாநகரின் கிழக்கே ஸ்கார்பரோவில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதியின் பின்வளவு. மேற்கு வேலியை ஒட்டி 10 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள பாத்தி ஒன்று, சமையலறைச் சன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அக்டோபர் கடைசியில் இலை கொட்டிவிட்டால் மே மாதம் வரை அந்தப் பக்கம் பச்சை கிடையாது. அந்த ஆறு மாதமும் கண்ணுக்கு ஏதாவது நிறம் வேண்டும் என்றுதான் ஆறு ஆண்டுகளுக்கு முன் டாக்வுட் புதர்களை அங்கே நட்டார்கள்.

நட்டவை பதினொன்று, மூன்று வகை. நடுவில் ஐந்து, கார்னஸ் ஆல்பா இனத்தின் 'எலெகன்டிஸ்ஸிமா': வெள்ளை விளிம்புள்ள சாம்பல்பச்சை இலை, சிவப்புத் தண்டு. வடக்கு முனையில் மூன்று, கார்னஸ் செரிசியா இனத்தின் மஞ்சள் தண்டு வகையான 'ஃபிளாவிரமியா'. தெற்கு முனையில் மூன்று, கார்னஸ் சாங்குவினியா இனத்தின் 'மிட்விண்டர் ஃபயர்': அடியில் மஞ்சளாகத் தொடங்கி நுனியில் செம்மஞ்சளாக ஏறும் தண்டு. எல்லாமே 90 செ.மீ. இடைவெளியில் நடப்பட்டவை.

முதல் இரண்டு பனிக்காலங்களில் வரிசை அழகாகவே இருந்தது. நான்காம் ஆண்டில் நிறம் மங்கியது. ஆறாம் ஆண்டு நவம்பரில் சன்னலுக்கு வெளியே சாம்பலும் பழுப்பும்தான் தெரிந்தன. புல் வெட்ட வருபவர், செடிகள் கிழடாகிவிட்டன, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைக்கலாம் என்றார். அதற்கு உடன்படுமுன் அந்த அம்மா ஆலோசனை கேட்டார். அந்த நவம்பரிலிருந்து மூன்றாம் ஆண்டு வசந்தம் வரை நடந்ததன் பதிவு இது.

இந்தச் செடி எப்படி நிறம் தருகிறது

டாக்வுட் என்றதும் பலருக்கு வசந்தத்தில் பூக்கும் மரவகை நினைவுக்கு வரும். இங்கே பேசுவது தண்டு நிறத்துக்காக வளர்க்கும் புதர்வகை. கார்னஸ் ஆல்பா சைபீரியா, வட சீனம், கொரியாப் பக்கத்துச் செடி. செரிசியா வட அமெரிக்காவுக்கே உரியது. ஒன்டாரியோவின் சதுப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் தானாக வளர்ந்து நிற்கும். சாங்குவினியா ஐரோப்பியச் செடி. மற்ற இரண்டைவிட நிதானமாக வளரும். இந்த வேறுபாடு பிறகு கவாத்து செய்யும்போது முக்கியமாகிறது.

சிவப்புக்குக் காரணம் பட்டையில் சேரும் ஆந்தோசயனின் என்ற நிறமி. கோடை முடிந்து பகல் குறுகிக் குளிர் ஏறும்போது, வெயில் படும் இளந்தண்டில் அது கூடுகிறது. நிழலில் நிற்கும் தண்டில் குறைவாகவே சேரும். அதே தண்டின் வெயில் பக்கம் சிவந்தும் நிழல் பக்கம் பச்சையாகவும் இருப்பதைப் பார்க்கலாம். தண்டுக்கு வயது ஏறினால் பட்டை தக்கைபோலத் தடித்துப் பழுப்பாகிவிடும். நல்ல நிறம் முதல் ஆண்டுத் தண்டில்; இரண்டாம் ஆண்டில் பரவாயில்லை; மூன்றுக்குப் பிறகு எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே புதருக்கு வயதாவதால் நிறம் போவதில்லை, அதிலுள்ள தண்டுகளுக்கு வயதாவதால்தான் போகிறது. வேர் நன்றாக இருக்கும்வரை இளந்தண்டை மறுபடி வரவழைக்கலாம். பிடுங்க வேண்டாம் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நவம்பரில் கண்டவை

இலை முழுதும் கொட்டிய பிறகு பார்த்ததால் புதரின் எலும்புக்கூடு தெளிவாகத் தெரிந்தது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை கட்டைவிரல் தடிமனுள்ள சாம்பல்நிறத் தண்டுகள். அதற்கு மேலே விளக்குமாற்றைக் கவிழ்த்ததுபோல் நெருங்கிய சிறு குச்சிகள். அவற்றில் மட்டும் ஒரு சாண் அளவுக்குச் சிவப்பு. ஒவ்வோர் ஆண்டும் சூலையில் வேலிவெட்டும் இயந்திரத்தால் புதர்களை 1.4 மீட்டர் உயரத்தில் பந்துபோல் உருட்டி வெட்டியிருக்கிறார்கள். இப்படி வெட்டும்போது அந்த ஆண்டின் புதுத்தண்டு போய்விடும், பழந்தண்டு மட்டும் தங்கும். வெட்டிய இடங்களில் குச்சிகள் நெருக்கமாகக் கிளைத்துக் கூரையாகி, உள்ளே வெளிச்சம் போகாமல் தடுக்கும்; அடியிலிருந்து புதுத்தளிர் எழ வழியில்லை. நன்றாக வளரும் புதரைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆனாலும் இந்த ஊரில் டாக்வுட் வைத்த பல வீடுகளில் இதுவே நடக்கிறது.

'எலெகன்டிஸ்ஸிமா' இரண்டில் பழந்தண்டுகள் சொரசொரப்பாக இருந்தன. நகத்தால் சுரண்டினால் சுமார் 3 மி.மீ. நீளமுள்ள, சிப்பி வடிவச் செதில்கள் உதிர்ந்தன. சிப்பிச் செதில் பூச்சி. ஓட்டுக்கு அடியில் முட்டைகள் குளிரைக் கழிக்கும். மூன்றாவது புதர் ஒன்றில், முழுப்பச்சை இலை தரும் தண்டு ஒன்று மற்றவற்றை மிஞ்சி ஓடியிருந்தது. வெள்ளை விளிம்பு இல்லாத தாய்நிலைக்குத் திரும்பிய தண்டு அது, வேகமாக வளர்ந்து புதரையே பிடித்துக்கொள்ளும்.

தரையில் கிடந்த இலைகளில் ஊதா விளிம்புள்ள கோணல்மாணலான புள்ளிகள் இருந்தன. செப்டோரியா இலைப்புள்ளி நோய். ஆகஸ்டிலேயே கீழ் இலைகள் உதிரத் தொடங்கிவிடும் என்று வீட்டுக்காரர் சொன்னார். புல்தரைத் தெளிப்பான் மாலை நேரத்தில் புதர்மேலும் வீசிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் இலை நனைந்தே இருந்திருக்கிறது. இந்தப் பூஞ்சாணம் தண்ணீர்த் துளி தெறிப்பதால்தான் ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குப் போகும்.

'ஃபிளாவிரமியா' மூன்றிலும் தண்டுச் சொறி தென்பட்டது: பட்டை உள்வாங்கிக் கறுத்த திட்டுகள், அதற்கு மேலே காய்ந்த குச்சி. ஒன்றில் பாதிக்குமேல் செத்திருந்தது. இந்த வகைக்குச் சொறி எளிதில் பிடிக்கும். கோடையில் வறட்சியும் சேர்ந்தால் இன்னும் மோசம். கூரைத் தண்ணீர் வடியும் குழாய் அந்த முனையில்தான் முடிகிறது. மழைக்காலத்தில் சேறு, சூலையில் வெடித்த களிமண் என்று வேர் மாறிமாறி அவதிப்பட்டது.

'மிட்விண்டர் ஃபயர்' மூன்றுக்கும் நோய் எதுவுமில்லை. அடுத்த வீட்டு நார்வே மேப்பிள் மரத்தின் நிழலில் அவை வெளிறி நின்றன.

எடுத்த முடிவுகளும் காரணமும்

உடனே வெட்டவில்லை. நவம்பரில் வெட்டினால் இருக்கும் கொஞ்ச நிறமும் போய்விடும். வெட்டுவாய் கடுங்குளிரில் காயும். மார்ச் கடைசி வாரம் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, மொட்டு விரியுமுன் வெட்டுவதென்று வைத்தோம். அதற்குள் செய்ய வேண்டியது ஒன்றே: விழுந்த இலைகளை முழுவதும் கூட்டி வெளியேற்றுவது. செப்டோரியா அந்த இலைகளில்தான் அடுத்த ஆண்டுவரை தங்கும் என்பதால் வீட்டு மக்குக் குவியலில் போடாமல் மாநகரத் தோட்டக்கழிவுப் பைகளில் கட்டி அனுப்பினார்கள்.

தம்பதியின் மகன் பதினொன்றையும் ஒரே நாளில் அடியோடு வெட்டிவிடலாம் என்றார். ஆல்பாவும் செரிசியாவும் அதைத் தாங்கும் செடிகள்தான். ஆனால் வலுவான வேர் உள்ள செடிக்குத்தான் அந்த வெட்டு. இங்கே சில புதர்கள் சொறியாலும் இலை இழப்பாலும் மெலிந்திருந்தன. அடியோடு வெட்டினால் அந்த ஆண்டு பூவும் வெள்ளைக் காயும் கிடையாது. காய் தின்ன வரும் பறவைகளை அம்மாவுக்குப் பிடிக்கும். வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டு முற்றம் சூன் மாதம் வரை முழுதாகத் தெரியும் என்பதும் ஒரு கவலை. ஆகவே புதருக்குப் புதர் வேறு முடிவு.

செதில் பூச்சி பிடித்த இரண்டு 'எலெகன்டிஸ்ஸிமா' முழு அடிவெட்டு: பூச்சி பழந்தண்டில்தான் இருக்கிறது, தண்டை எடுத்தால் பெரும்பகுதி பூச்சி போகிறது. மற்ற மூன்றில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு பழந்தண்டை மட்டும் எடுப்பது. 'ஃபிளாவிரமியா'வில் மிக மோசமான ஒன்றைத் தோண்டி எறிந்துவிட்டு, மற்ற இரண்டையும் சொறிக்குக் கீழே நல்ல மரம் தெரியும்வரை வெட்டுவது. 'மிட்விண்டர் ஃபயர்' மூன்றையும் பகல் முழுதும் வெயில் விழும் டெக் (வீட்டை ஒட்டிய மரத்தளம்) ஓரத்துக்கு மாற்றி, பாதித் தண்டுகளை வெட்டுவது.

வெட்டிய முறை

ஏப்ரல் முதல் வாரம், பகல் வெப்பம் 8 பாகையை எட்டிய வறண்ட நாள். விரல் தடிமன் வரை கைக் கவாத்துக் கத்தரி, அதற்குமேல் நீளப்பிடிக் கத்தரி, மூன்றரை செ.மீ. தாண்டினால் கவாத்து ரம்பம். சொறி பிடித்த புதர்களைக் கடைசிக்கு வைத்து, அவற்றில் ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு 70 விழுக்காடு ஆல்கஹாலால் அலகைத் துடைத்தார்கள்.

அடிவெட்டு என்றால் தரையிலிருந்து 5 முதல் 8 செ.மீ., வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே. இந்த உயரத்தில் பலருக்கும் கை நடுங்குகிறது; பயந்து 30 செ.மீ. விட்டு வெட்டுகிறார்கள். அப்படி விட்டால் அடுத்த ஆண்டு தளிர் அந்தக் கட்டையின் தலையிலிருந்து வரும், அதற்கடுத்த ஆண்டு இன்னும் மேலிருந்து வரும், சில ஆண்டுகளில் புதர் மொட்டைக் கால்களில் நிற்கும்.

மூன்றில் ஒரு பங்கு முறையில் தண்டுகளை எண்ணித் தொடங்குவது நல்லது. ஒரு புதரில் 21 தண்டுகள் இருந்தன. தடித்த, பழுப்பான ஏழு தண்டுகளைத் தரைமட்டத்தில் எடுத்தார்கள். மீதித் தண்டுகளின் நுனியைத் தொடவே இல்லை. நுனியையும் கிள்ளினால் மறுபடி விளக்குமாறுதான். பச்சைக்குத் திரும்பிய தண்டை அது புறப்பட்ட இடத்திலேயே நீக்கினார்கள்.

இடம் மாற்றுவதற்குமுன் நிலத்தடிக் குழாய், கம்பிகளை அடையாளமிடும் இலவசச் சேவைக்குச் சொல்லிக் குறியிட்டுக்கொண்டார்கள். ஒன்டாரியோவில் மண்வெட்டி பிடிக்குமுன் இது கட்டாயம். டெக் ஓரத்தில் எரிவாயுக் குழாய் ஒன்று போவது அப்போதுதான் தெரிந்தது, குழிகள் ஒரு மீட்டர் தள்ளிப் போயின. வேர்ப்பந்து 55 செ.மீ. அகலத்தில் எடுக்கப்பட்டது, நடும் ஆழம் பழைய ஆழமே.

நோயற்ற இளந்தண்டுகளை அம்மா எறியவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் வேலிக்குக் கதியால் (வேர் பிடித்துத் தளிர்க்கும் வேலிக்கம்பு) நட்டுப் பழகிய கை. பென்சில் தடிமனில் 25 செ.மீ. துண்டுகள் பன்னிரண்டு, துண்டின் அடிமுனை வெட்டு கணுவுக்குக் கீழே நேராக, மேல்முனை வெட்டு சாய்வாக, தலைகீழாக நடாமலிருக்க. மூன்றில் இரண்டு பங்கை மண்ணுக்குள் இறக்கி வேலியோர ஈரமண்ணில் நட்டார். முறைப்படி இலையுதிர் கடைசியில் இதைச் செய்வார்கள். மொட்டு விழிக்குமுன் என்றால் வசந்தத் தொடக்கத்திலும் வேர் பிடிக்கும். ஒன்பது பிடித்தன.

பிறகு பாத்திக்கு 4 செ.மீ. மக்கு உரம், அதன்மேல் 6 செ.மீ. மரச்செதில் மூடாக்கு, தண்டடியில் ஒரு கையகலம் வெறுமையாக. தெளிப்பான் தலை திருப்பப்பட்டது. புதர்களுக்குக் கசிவுக் குழாய். மழையில்லா வாரத்தில் 25 மி.மீ. அளவுக்குக் காலையில் தண்ணீர். புல்லுக்குப் போடும் தழைச்சத்து உரம் பாத்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே போட வேண்டும் என்றும் தீர்மானமானது: தழைச்சத்து மிகுந்தால் தண்டு கொழுகொழுவென வளரும், நிறம் ஏறாது, பூச்சிக்கும் ருசி.

முதல் கோடை

மே நடுவில் அடிவெட்டிய கட்டைகளிலிருந்து தளிர்கள் வெடித்துக் கிளம்பின. லைலாக் பூத்து முடியும் வாக்கில் செதில் பூச்சியின் குஞ்சுகள் ஓட்டைவிட்டு வெளியே ஊரும். அதைப் பிடிக்கத் தண்டுகளில் இருபக்கப் பசைநாடா சுற்றியிருந்தது. சூன் முதல் வாரத்தில் நாடாவில் வெளிர்மஞ்சள் தூசிபோலக் குஞ்சுகள். ஒன்டாரியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுத் தோட்ட அழகுக்காக இரசாயனப் பூச்சிக்கொல்லி தெளிப்பதற்குத் தடை. அனுமதியுள்ள தோட்ட எண்ணெயைப் பொட்டலக் குறிப்பில் உள்ள கோடை அளவில், காலையில், 30 பாகைக்குக் கீழே தெளித்தார்கள். குஞ்சு ஊரும் சில நாட்களில்தான் இது பலிக்கும். ஓடு கட்டிய பிறகு தெளித்து என்ன பயன்.

சூலையில் எதிர்பாராத ஒன்று. அடிவெட்டிய புதர்களின் இளம் இலைகளுக்கு அடியில் வெள்ளை மாவு பூசியதுபோல் சுருண்டு கிடந்த புழுக்கள், நடுநரம்பை மட்டும் மிச்சம் வைத்துத் தின்றன. டாக்வுட் ரம்ப ஈயின் புழு. மகன் பி.டி. பாக்டீரிய மருந்து வாங்கித் தெளித்தார், பலிக்கவில்லை. கடையில் கிடைக்கும் பி.டி. அந்துப்பூச்சி, பட்டாம்பூச்சிப் புழுக்களையே கொல்லும். ரம்ப ஈ குளவி இனத்தைச் சேர்ந்தது. கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டதும், எஞ்சியதற்குப் பூச்சிக்கொல்லிச் சோப்பு தெளித்ததும் போதுமானதாயிற்று. வளர்ந்த புழு இற்ற மரத்துக்குள் புகுந்து குளிரைக் கழிக்கும் என்பதால், பாத்திக்கு விளிம்பாகக் கிடந்த இற்றுப்போன கட்டைகளை எடுத்துக் கல் வைத்தார்கள்.

இலைப்புள்ளி முழுதும் மறையவில்லை. ஆனால் செப்டம்பர் வரை இலை நின்றது.

முதல் பனிக்காலம்

நவம்பரில் முழு அடிவெட்டு வாங்கிய இரண்டு 'எலெகன்டிஸ்ஸிமா'வும் 1.2 மீட்டர் உயர நேர்த்தண்டுகளாய், அடி முதல் நுனி வரை சிவந்து நின்றன. ஏழு தண்டு எடுத்த புதரில் பழுப்புக்கிடையே ஒன்பது புதுத்தண்டுகள். தூரப் பார்வைக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்கு முறையின் பலன் மூன்றாம் ஆண்டில்தான் முழுதாகத் தெரியும் என்பதை முன்பே சொல்லியிருந்ததால் ஏமாற்றம் குறைந்தது.

சனவரியில் கனத்த பனி விழுந்த வாரத்தில், சிவந்த தண்டுகளில் பல கத்தியால் சாய்த்து அறுத்ததுபோல் துண்டாகிக் கிடந்தன. காட்டு முயல். மான் கடித்தால் தண்டின் வெட்டுவாய் பிய்ந்திருக்கும். முயல் கடி சுத்தமான சாய்வு. பனி 40 செ.மீ. ஏறியிருந்ததால் அதன்மேல் ஏறி நின்று எட்டாத உயரத்தையும் எட்டியது. மெல்லிய பட்டையுள்ள இளந்தண்டுதான் அதற்கு விருப்பம். பழந்தண்டை அது தொடவில்லை. இரண்டு புதரில் ஒன்று பாதியை இழந்தது. அதன் பிறகே 25 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலை, 90 செ.மீ. உயரம், பனியை மிதித்து இறுக்கி நிறுத்தப்பட்டது. வேர் பாதிக்கப்படாததால் வசந்தத்தில் அந்தப் புதர் மறுபடி தளிர்த்தது.

இரண்டாம் ஆண்டும் பலனும்

ஏப்ரலில் மூன்று புதர்களிலும் அடுத்த மூன்றில் ஒரு பங்கு எடுக்கப்பட்டது. 'ஃபிளாவிரமியா' ஒன்றில் சொறி திரும்ப வந்தது. அதை எடுத்துவிட்டு, மஞ்சள் தண்டே தரும் ஆல்பா வகையான 'பட்ஸ் எல்லோ' வைத்தார்கள். சொறியை அது மேலாகத் தாங்கும். கூரைத் தண்ணீர்க் குழாயை நீட்டிப் பாத்தியின் நடுவரை பரவவிட்டார்கள்.

டெக் ஓரம் போன 'மிட்விண்டர் ஃபயர்' மூன்றில் இரண்டு நன்றாக நிலைத்தன. மூன்றாவது கோடை முழுதும் கையளவு தளிரோடு நின்றது.

இரண்டாம் பனிக்காலத்தில் வலை நவம்பரிலேயே நின்றது. முயல் இழப்பு இல்லை. மூன்று 'எலெகன்டிஸ்ஸிமா'வில் தண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிவந்த இளந்தண்டுகள். இப்போது பாத்தியின் ஆண்டு இப்படிப் போகிறது: ஏப்ரல் வரை சிவப்பும் மஞ்சளும், மே கடைசியில் தந்தநிறப் பூக்கொத்து, கோடையில் வெள்ளை விளிம்பு இலை, ஆகஸ்டில் வெள்ளைக் காய், அக்டோபரில் டெக் ஓரத்து 'மிட்விண்டர் ஃபயர்' இலைகளின் மஞ்சளும் செம்மஞ்சளும், பிறகு மீண்டும் தண்டு. பனி விழாத நாளில் பழுப்பு வேலியின் முன் சிவப்பு எடுபடவில்லை என்று நடுப்பகுதிக்குப் பின்னால் இரண்டு வெண் சிடார் வைத்தார்கள். அந்தக் கரும்பச்சைக்கு முன்னால் நிறம் தூக்கலாக நிற்கிறது.

மறுபடி செய்தால் மாற்றுபவை

இடமாற்றமும் கவாத்தும் ஒரே வசந்தத்தில் கூடாது. வேரில் ஒரு பகுதியை இழந்த செடியிடம் புதுத்தண்டும் கேட்டதால்தான் மூன்றாவது 'மிட்விண்டர் ஃபயர்' தேங்கியது. முதல் ஆண்டு மாற்றி, அடுத்த ஆண்டு வெட்டியிருக்க வேண்டும். சாங்குவினியா வகைக்கு எப்போதுமே கை அடங்கி வெட்டுவது நல்லது.

முயல் வலை, முதல் பனிக்கு முன். அடிவெட்டு செய்த ஆண்டில் இது விருப்பத்துக்கு விட்ட வேலை இல்லை.

10 மீட்டர் பாத்திக்குப் பதினொரு செடி மிக அதிகம். ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வீதம் ஆறு போதும். காற்று ஓடும், இலைப்புள்ளி குறையும். குறுகிய இடமென்றால் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டாத 'ஆர்க்டிக் ஃபயர்' போன்ற செரிசியா வகையை முதலிலேயே தேர்ந்திருக்கலாம்.

மகனுடைய யோசனையிலும் ஒரு பங்கு நியாயம் இருந்தது. நோயற்ற மூன்று 'எலெகன்டிஸ்ஸிமா'வில் ஒன்றையாவது அந்த முதல் ஏப்ரலில் அடியோடு வெட்டியிருந்தால் சன்னலுக்கு நேர் எதிரே ஓராண்டு முன்பே நிறம் வந்திருக்கும். மறைப்புக்கு மற்ற இரண்டும் போதுமாயிருந்தன. மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் அந்த மாற்றமே செய்யப்பட்டது: ஐந்து புதர்களில் ஆண்டுக்கு இரண்டு முழு அடிவெட்டு, மற்ற மூன்றுக்கு ஓய்வு, எந்தப் புதர் எந்த ஆண்டு என்று வேலிப்பலகையில் தகடு அடித்தாயிற்று. புல் வெட்ட வருபவருக்கு அந்தப் பாத்தியில் இயந்திரம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. வேர் பிடித்த ஒன்பது கன்றுகளில் நான்கு அண்டை வீட்டாருக்குப் போயின. மீதி ஐந்தும் கூரைத் தண்ணீர் பரவும் ஈரப்பகுதியின் ஓரத்தில், ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நடப்பட்டுள்ளன. அவற்றை இரண்டு ஆண்டுகள் வெட்டாமல் வேரூன்ற விட்டு, மூன்றாம் வசந்தத்தில் முதல் கவாத்து.